முதல் டூயத்லானுக்கு இன்னும் 12 வாரம்: ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம்

காலைநடை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன், 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடிப்பேன், அதற்குமேல் வேகம் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு பழைய ரோடு பைக் கைக்கு வந்தது, அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் சைக்கிள். இரண்டும் ஓரளவு வருகிறதே என்று போன வாரம் ஒரு டூயத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதலில் 5 கி.மீ. ஓட்டம், பிறகு 20 கி.மீ. சைக்கிள், கடைசியாக 2.5 கி.மீ. ஓட்டம். சரியாக 12 வாரம் இருக்கிறது.

பெயர் கொடுத்த கையோடு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். 15 கி.மீ. மிதித்துவிட்டு, வண்டியைச் சுவரில் சாத்திவிட்டு உடனே ஓட ஆரம்பித்தால் கால் என் கால் மாதிரியே இல்லை. தொடை இரண்டும் கல்லாகக் கிடக்கிறது, பாதம் எங்கே விழுகிறது என்று கீழே பார்த்தால்தான் தெரிகிறது. 400 மீட்டரில் நின்றுவிட்டேன். இது எல்லோருக்கும் நடப்பதா, எனக்கு மட்டும் ஏதாவது கோளாறா? வாரத்தில் எத்தனை நாள் ஓடுவது, எத்தனை நாள் மிதிப்பது? நடுவில் உடை, ஷூ மாற்றும் இடத்தில் என்ன செய்யவேண்டும்? எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பின்சக்கரம்:

கோளாறு எதுவும் இல்லை, எல்லோருக்கும் வரும். சைக்கிளில் இடுப்பு மடங்கியே இருக்கிறது, உடம்பின் எடையைச் சீட்டு தாங்குகிறது, கால் வட்டமாகச் சுற்றினால் போதும். இறங்கி ஓடும்போது அதே இடுப்பு விரியவேண்டும், ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரையிலிருந்து காலுக்குள் ஏறுகிறது. ஒரு மணிநேரம் வட்டம் சுற்றிய தசைக்கு நேராக அடியெடுத்து வைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 400 மீட்டரில் நிற்காமல் மெதுவாக இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தால் கால் திரும்பி வந்திருக்கும். இதற்காகச் செய்வதுதான் பிரிக் பயிற்சி, அதாவது சைக்கிளை விட்டு இறங்கியதும் இடைவெளி இல்லாமல் ஓடுவது. எட்டு பத்து முறை செய்தபின் அந்தக் கனம் முழுதாகப் போகாது, ஆனால் அது வரும்போது பயம் வராது.

ஒரு விஷயம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகக் கற்றுக்கொள்வீர்கள். டூயத்லானில் ஆளைக் கெடுப்பது முதல் ஓட்டம். கடைசி ஓட்டத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதைக் கெடுப்பது முதல் 5 கி.மீ.யில் நீங்கள் போகும் வேகம். என் முதல் ரேசில் அந்த 5 கி.மீ.யை 22 நிமிடம் 40 விநாடியில் ஓடினேன், அதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் வேகம். பக்கத்தில் ஓடுகிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், கால் புதிதாக இருந்தது, சுகமாகவே இருந்தது. சைக்கிளில் பாதி வழியில் தொடை எரிய ஆரம்பித்து, கடைசி 2.5 கி.மீ.யில் இரண்டு முறை நடந்தேன். அந்த இரண்டரை கிலோமீட்டருக்கு 18 நிமிடம். அடுத்த வருடம் அதே பாதையில் முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே 24 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசி ஓட்டம் 12 நிமிடம் 50 விநாடி. ஒரு நிமிடத்துச் சொச்சம் கொடுத்து ஐந்து நிமிடம் வாங்கினேன்.

உங்கள் கணக்குப்படி 10 கி.மீ. வேகம் என்பது கி.மீ.க்கு 5 நிமிடம் 48 விநாடி. முதல் 5 கி.மீ.யை அந்த வேகத்தில் ஓடுங்கள். தனியாக 5 கி.மீ. மட்டும் ஓடும்போது வரும் வேகத்தில் ஓடாதீர்கள்.

நீள்மூச்சு:

பின்சக்கரம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்தான்.

வாரத்துக்கு ஐந்து நாள் போதும் தம்பி. செவ்வாய் ஓட்டம், அதில் நடுவில் கொஞ்சம் வேகம். புதன் இலேசான சைக்கிள். வியாழன் பிரிக். சனி நீண்ட சைக்கிள், 30 கி.மீ.யில் தொடங்கி 45 வரைக்கும். ஞாயிறு நீண்ட ஓட்டம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். திங்களும் வெள்ளியும் ஓய்வு, அந்த இரண்டு நாளையும் ஏமாற்றாதீர்கள். நான்காவது வாரம் வரும்போதெல்லாம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் மெதுவான நாளை மெதுவாகச் செய்வதில்லை. ஓட்டம் முடித்த மறுநாள் சைக்கிள்தானே, கால் வேறு தசைதானே என்று இழுத்து மிதிப்பார்கள். தொடையின் முன்பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். எனக்கு ஆறாவது வாரத்தில் முன்காலெலும்பு ஓரமாக வலி வந்தது, விரலால் தொட்டால் துடித்தது, பத்து நாள் ஓட முடியவில்லை. காரணம் இலேசான நாள் என்று ஒன்றே என் வாரத்தில் இல்லாமல் போனதுதான்.

இன்னொன்று. பிரிக் என்றால் எல்லோரும் சைக்கிள், பிறகு ஓட்டம் என்று மட்டும் செய்கிறார்கள். உங்கள் ரேஸ் ஓட்டத்தில் தொடங்குகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது கை நடுங்கும், கியர் எது என்று மறக்கும், முதல் இரண்டு கி.மீ. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கி.மீ. ஓட்டம், 10 கி.மீ. சைக்கிள், 1 கி.மீ. ஓட்டம் என்று முழுச் சாயலில் ஒரு சின்னது செய்யுங்கள். பெரிய பிரிக் ஒன்று செய்து நான்கு நாள் படுப்பதைவிட, சனிக்கிழமை சைக்கிள் முடிந்ததும் ஷூவை மாற்றி ஒரு பத்து நிமிடம் ஓடிவிட்டு வீட்டுக்குள் போவது எவ்வளவோ மேல்.

எதிர்க்காற்று:

சில ரேஸ்களில் நடுவராக நிற்கிறேன், அதனால் விதிமுறை பற்றி. புதியவர்கள் தண்டனை வாங்குவது எப்போதும் இதே நான்கைந்து இடங்களில்தான்.

ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளை ரேக்கிலிருந்து, அதாவது வண்டிகளை மாட்டிவைக்கும் கம்பியிலிருந்து, எடுக்கவேண்டும். திரும்பி வரும்போது சைக்கிளை ரேக்கில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்றவேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. இறங்கியதுமே கை தானாக மோவாய்க்குப் போகும், இறங்கு கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், பத்துப் பேரில் ஒருவராவது அந்தக் கிளிப்பைத் தொட்டுவிடுவார்.

ஏறு கோடு என்று ஒன்று தரையில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டித்தான் ஏறவேண்டும். இறங்கு கோட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிடவேண்டும். நடுவில் உள்ள பகுதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஓடவேண்டும்.

அமெச்சூர் ரேஸ்களில் பெரும்பாலும் டிராஃப்டிங் கிடையாது, அதாவது முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை அவர் வெட்ட நீங்கள் சுகமாக வரக்கூடாது. டூயத்லானையும், நீச்சலும் சேர்ந்த டிரையத்லானையும் நிர்வகிக்கும் உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி இந்தத் தூரத்துக்கு இடைவெளி 10 மீட்டர், முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு. உள்ளே நுழைந்தால் 20 விநாடிக்குள் தாண்டிப் போய்விடவேண்டும். ஆனால் எல்லா ரேசுக்கும் ஒரே விதி இல்லை, முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில் சொல்வதைக் கேளுங்கள். காதில் இயர்போன் கூடாது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கவேண்டும், பழைய வண்டி என்கிறீர்கள், இன்றைக்கே பாருங்கள். அந்தக் குழாய் முனை திறந்திருந்தால் விழும்போது வயிற்றில் குத்தும், சோதனையிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காலைநடை:

பார்த்தேன். இடதுபக்க அடைப்பான் இல்லை! மாற்றிவிட்டேன், ரொம்ப நன்றி அண்ணா. அக்கா சொன்ன வார அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த கேள்வி. பெடலில் பூட்டிக்கொள்கிற கிளிப் ஷூ வாங்கலாமா? இப்போது சாதாரண பெடலில் ஓடும் ஷூவோடுதான் மிதிக்கிறேன்.

எதிர்க்காற்று:

வாங்குங்கள். கால் பெடலை விட்டு வழுக்காது, மேடு ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

பின்சக்கரம்:

நான் வேண்டாம் என்பேன், முதல் ரேசுக்கு. 20 கி.மீ.தான். கிளிப் ஷூ போட்டால் இரண்டு முறை ஷூ மாற்றவேண்டும், நன்றாகப் பழகாதவருக்கு இரண்டு டிரான்சிஷனிலும், அதாவது ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடங்களில், சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். சாதாரண பெடலைவிடக் கிளிப்பால் கிடைக்கும் லாபம் அந்த ஒரு நிமிடத்தை ஈடுசெய்யுமா என்பது சந்தேகம். அதைவிட முக்கியம், புதிதாகக் கிளிப் போடுகிறவர் எல்லோரும் ஒருமுறையாவது காலை விடுவிக்க மறந்து நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுவார்கள். அது ஏறு கோட்டில் நடக்கவேண்டாம்.

எதிர்க்காற்று:

12 வாரம் இருக்கிறதே, பழகிவிடலாம். பழகும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே மாட்டுங்கள், கடைசி மாதத்தில் மாட்டாதீர்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நீள்மூச்சு:

எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எலாஸ்டிக் லேஸ் மட்டும் வாங்குங்கள். முடிச்சே போடவேண்டாத லேஸ். நடுங்குகிற விரலால் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நம்பருக்கு ஒரு இடுப்புப் பட்டையும் வேண்டும், சைக்கிளில் நம்பர் முதுகுப்பக்கம், ஓடும்போது முன்பக்கம், பட்டையைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது.

புதுவரவு_9:

நடுவில் ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். டூயத்லான் என்பது நீந்தத் தெரியாதவர்களுக்கான டிரையத்லான் என்று என் ஓட்டக் குழுவில் சொல்கிறார்கள். அப்படியா?

பின்சக்கரம்:

இதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நீச்சல் வராததால் இங்கே வருகிறவர்கள் நிறைய, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது தனி விளையாட்டு. முதலில் இதையும் பயத்லான் என்றுதான் அழைத்தார்கள், பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுக்கு அதே பெயர் இருந்ததால் டூயத்லான் என்று மாற்றினார்கள். 1990-ல் அமெரிக்காவின் பாம் ஸ்பிரிங்ஸில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அதற்கு முந்தைய வருடம் 1989-ல் சுவிட்சர்லாந்தின் ஸோஃபிங்கனில் பவர்மேன் என்ற நீண்ட தூர டூயத்லான் ரேஸ் தொடங்கியது. அங்கே பல வருடங்களாக ஓடிய தூரத்தைக் கேளுங்கள்: 10 கி.மீ. ஓட்டம், மலைப்பாதையில் 150 கி.மீ. சைக்கிள், அதன்பிறகு 30 கி.மீ. ஓட்டம். எம்மா பூலி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சைக்கிள் டைம் டிரையலில், அதாவது ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டியிட்டு மிதிப்பதில், வெள்ளி வாங்கியவர், பிறகு அங்கே வந்து 2014 முதல் 2017 வரை நான்கு வருடம் தொடர்ந்து நீண்ட தூர டூயத்லான் உலகச் சாம்பியன் ஆனார். நீந்தத் தெரியாததால் யாரும் 30 கி.மீ. ஓடுவதில்லை.

காலுக்கு என்று பார்த்தால் இது இன்னும் கடினம். டிரையத்லானில் சைக்கிளில் ஏறும்போது கை களைத்திருக்கும், கால் கிட்டத்தட்டப் புதிதாக இருக்கும். இங்கே ஏறும்போதே கால் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறது.

நீள்மூச்சு:

சைக்கிள் என்று பேச்சு வந்ததால் ஒன்று. பெல்ஜியத்தின் பென்னி வான்ஸ்டீலாண்ட் இந்த விளையாட்டின் மிகப் பெரிய வீரர், பலமுறை உலகச் சாம்பியன், 2007-ல் சைக்கிள் பயிற்சியின்போது கார் மோதி இறந்துபோனார். அத்தனை திறமை உள்ளவருக்கே அது நடந்தது. போக்குவரத்து குறைந்த நேரத்தில் போங்கள், பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள், வேகப் பயிற்சியை நெரிசலான சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கைக்கடிகாரத்தில் வேகம் பார்க்கக் குனிவதை முதலில் நிறுத்துங்கள்.

காலைநடை, ஆறு வாரத்துக்குப் பிறகு:

கிளிப் ஷூ வாங்கவில்லை, சாதாரண பெடல்தான். பிரிக் இதுவரை ஏழு ஆகிவிட்டது. கனம் இன்னும் வருகிறது, ஆனால் முதல் 600, 700 மீட்டரில் விட்டுவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தேன், மெதுவாகப் போகிறோம் என்று தோன்றும்போது கடிகாரம் வேறு சொல்கிறது. நேற்று ஊர்ந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், பார்த்தால் கி.மீ.க்கு 5:40.

சிக்கல் முழங்காலில். சைக்கிள் 25 கி.மீ. தாண்டியதும் முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் வலிக்கிறது, படி இறங்கும்போதும் தெரிகிறது. ஓட்டத்தில் இல்லை. யாருக்காவது வந்ததுண்டா?

எதிர்க்காற்று:

முன்பக்கம் என்றால் முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள், தாழ்வாக இருந்தால் இப்படித்தான் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்காருங்கள், பெடலைக் கீழ்க்கோடியில் வைத்துக் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போது நேராக நீண்டிருக்கவேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பந்தை வைத்து மிதித்தால் முழங்காலில் இலேசான மடிப்பு மிஞ்சும், அதுதான் சரியான உயரத்துக்குத் தொடக்கம். ஒரேயடியாக ஏற்றாதீர்கள், ஐந்து மில்லிமீட்டர் ஏற்றி மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.

அதோடு, எந்த கியரில் மிதிக்கிறீர்கள்? கனமான கியரில் நிமிடத்துக்கு 60, 65 சுற்று என்று அழுத்தினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். 85, 90 சுற்று வருகிற மாதிரி இலேசான கியர் வையுங்கள்.

நீள்மூச்சு:

இரண்டையும் மாற்றிய பிறகும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது வீக்கம் தெரிந்தால், ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். இணையத்தில் நாங்கள் சொல்வது கையால் தொட்டுப் பார்க்கிறவர் சொல்வதற்கு ஈடாகாது.

காலைநடை:

சீட்டு இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்து இருந்திருக்கிறது, பழைய சொந்தக்காரர் என்னைவிடக் குட்டை போல. நான்கு தவணையாக ஏற்றினேன். கியரும் அண்ணா சொன்னதுதான், நான் 68-ல் மிதித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளில் வலி போய்விட்டது. இத்தனை நாள் வண்டியில் உட்கார்ந்திருந்ததே தப்பாகத்தான் என்று தெரிந்ததும் ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் இப்போது 30 கி.மீ. போய் இறங்கினால் கால் இன்னும் கேட்கிறது.

காலைநடை, ரேசுக்கு எட்டு நாள் முன்பு:

எட்டு நாள்தான். பயமாக இருக்கிறது, பயிற்சியை இன்னும் கூட்டலாமா என்று கை அரிக்கிறது.

நீள்மூச்சு:

கூட்டாதீர்கள். இனி செய்கிற கடும் பயிற்சி எதுவும் இந்த ரேசுக்கு உடம்பில் சேராது, களைப்பு மட்டும் சேரும். இந்த வாரம் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் வேகத்தை முழுதாக விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் கால் மந்தமாகிவிடும். 20 நிமிட ஓட்டத்தில் ரேஸ் வேகத்தில் ஒரு நிமிடம் வீதம் நான்கு முறை, அவ்வளவு போதும்.

சாப்பாட்டில் புதிதாக எதையும் முயலாதீர்கள். உங்கள் ரேஸ் ஒன்றரை மணிநேரம் வரும் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய இரவு வழக்கமாகச் சாப்பிடுவது, காலையில் இரண்டரை மூன்று மணிநேரம் முன்னால் வயிறு பழகிய மாவுச்சத்து. சைக்கிளில் ஒரு எனர்ஜி ஜெல் போதும், 30 கிராம் மாவுச்சத்துக்கு நெருக்கமாக வரும், கொஞ்சம் தண்ணீரோடு. தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

எதிர்க்காற்று:

டிரான்சிஷனை ஒத்திகை பாருங்கள், தினமும் பத்து நிமிடம். சாக்பீஸால் தரையில் இரண்டு கோடு போடுங்கள், ஒன்று ஏறு கோடு, ஒன்று இறங்கு கோடு. வண்டியை நிறுத்துங்கள், ஹெல்மெட்டை ஹேண்டில்பார்மேல் தலைகீழாக, வார்கள் இரண்டும் வெளியே விரிந்து தொங்கும்படி வையுங்கள். ஓடிவாருங்கள், ஹெல்மெட், பூட்டு, வண்டி, கோடு, ஏறு. திரும்பிவந்து இறங்கு, மாட்டு, வாரைக் கழற்று, ஓடு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ரேஸ் அன்று மண்டையில் எதுவும் நிற்காது, வாய் சொன்னது மட்டும் நிற்கும்.

ரேக் வரிசையில் உங்கள் இடத்தை ஓடும் நுழைவாயிலிலிருந்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வண்டி சிவப்பு என்று அடையாளம் வைக்காதீர்கள், நீங்கள் வரும்போது அந்த வண்டி போயிருக்கும்.

டயரை முந்தைய நாள் உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள், கண்ணாடித் துண்டோ முள்ளோ பொதிந்திருக்கும். ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சின்னப் பம்பு சீட்டுக்கடியில். பஞ்சர் ஆனால் டியூப் மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தைத் தடவ மறந்துவிடாதீர்கள், முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

காலைநடை, ரேஸ் முடிந்து:

முடித்துவிட்டேன்! நேற்று. இன்னும் கால் வலிக்கிறது, ஆனால் உட்கார்ந்து எழுதியே தீரவேண்டும், இந்த இழை இல்லையென்றால் நான் அங்கே நின்றிருக்கவே மாட்டேன்.

வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். என் இடம் மூன்றாவது வரிசை, நுழைவாயிலிலிருந்து 14-வது. எண்ணினேன், திரும்பப் போய் மறுபடி எண்ணினேன். ஹெல்மெட்டை அண்ணா சொன்ன மாதிரி தலைகீழாக வைத்தேன், பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் அப்படியே வைத்தார்.

ஓட்டம் தொடங்கியதும் என்னைத் தாண்டிக்கொண்டு கூட்டம் போனது. முதல் கி.மீ. முழுக்க ஆட்கள் தாண்டிக்கொண்டே இருந்தார்கள், என்னைவிட வயதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்தவர்கள், எல்லோரும். கால் கெஞ்சியது, போ என்றது. கடிகாரத்தில் 5:46 என்று இருந்தது. போகவில்லை. மூன்றாவது கி.மீ.யில் ஒரு ஆள் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், முதல் கி.மீ.யில் என்னைத் தாண்டியவர்தான். 5 கி.மீ. 29 நிமிடம் 10 விநாடி, திட்டம் போட்டது அப்படியே.

டிரான்சிஷனில் வரிசையைச் சரியாகப் பிடித்தேன், 14-வது இடத்துக்கு வந்தால் என் வண்டிமேல் பக்கத்து வண்டி சாய்ந்து கிடக்கிறது. யாரோ எடுக்கும்போது இடித்திருக்கவேண்டும். அதைத் தூக்கி நிறுத்தி, என் வண்டியை எடுத்துத் தள்ளினால் பெடல் சுற்றவில்லை, செயின் முன் பல்சக்கரத்திலிருந்து விழுந்து ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. நெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது. குனிந்து, பின்பக்கம் கியர் மாற்றும் டிரெய்லியரை ஒரு கையால் முன்னால் தள்ளி செயினைத் தளர்த்தி, மற்றக் கையால் கீழ்ப்பல்லில் இரண்டு கண்ணி மாட்டி, பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன், கிளுக்கென்று ஏறிக்கொண்டது. விரலெல்லாம் கருப்பு கிரீஸ். இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். டி1, அதாவது முதல் டிரான்சிஷன், மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி.

சைக்கிள் 5 கி.மீ. வீதம் நான்கு சுற்று. போன நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று முதல் சுற்றில் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டேன், தொடை எரிந்ததும் பின்சக்கரம் அண்ணாவின் 18 நிமிடம் ஞாபகத்துக்கு வந்து கியரை இறக்கினேன். போகும்போது காற்று எதிர், வரும்போது பின்னால். ஐந்தாறு பேர் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தாண்டினார்கள், சேர்ந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்த வளைவில் மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் அவர்களுக்கு அட்டை காட்டிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கை குழம்பிவிடும் என்று ஹேண்டில்பாரில் நான்கு துண்டு டேப் ஒட்டியிருந்தேன், சுற்றுக்கு ஒன்றைக் கிழித்தேன். மூன்றாவது சுற்றில் ஜெல். கடைசி ஒரு கி.மீ. இலேசான கியரில் காலைச் சுழலவிட்டேன். 44 நிமிடம் 5 விநாடி.

இறங்கியதும் கை மோவாய்க்குப் போனது. போயே போனது! கிளிப்பைத் தொடுவதற்குள் வாய் "மாட்டு" என்று சொல்லிவிட்டது, கையை இறக்கிவிட்டேன். ஷூ மாற்றும் வேலை இல்லாததால் டி2 ஒரு நிமிடம் 5 விநாடியில் முடிந்தது.

கடைசி 2.5 கி.மீ. ஓட்டத்தில் முதல் கி.மீ. 6:25, அந்தக் கல் தொடை. பழக்கப்பட்ட கனம்தான், இது 700 மீட்டரில் போகும் என்று எனக்குத் தெரியும், போனது. இரண்டாவது கி.மீ. 5:52. அதற்குப்பிறகு நடப்பவர்களைத் தாண்ட ஆரம்பித்தேன். காலையில் என்னைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவரையும் தாண்டும்போது இன்னும் கொஞ்சம்தான், வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன், இரண்டு பேர் கூடவே ஓடிவந்தார்கள். கடைசி 500 மீட்டர் 2 நிமிடம் 45 விநாடி. கடைசி ஓட்டம் 15:02, மொத்தம் 1 மணி 32 நிமிடம் 42 விநாடி.

கோட்டைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

பின்சக்கரம்:

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். செயின் விழுந்தும் முதல் சுற்றிலேயே கியரை இறக்கினீர்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் என் முதல் ரேசில் அதைச் செய்திருக்கமாட்டேன்.

நீள்மூச்சு:

அழுகை எனக்கும் வந்தது தம்பி, ஒவ்வொரு முறையும் வருகிறது. இந்த வாரம் ஓடாதீர்கள், இலேசாக நடந்தால் போதும்.

எதிர்க்காற்று:

அடுத்தமுறை ரேக்கில் மாட்டும்போது செயினைச் சின்னப் பல்சக்கரத்தில் விடாமல் பெரியதில் விடுங்கள். யாராவது வண்டியை இடித்தாலும் செயின் இறுக்கமாக இருப்பதால் எளிதில் கழலாது. நீங்கள் ஏறும் இடம் மேடாக இருந்தால் பின் கியரை மட்டும் இலேசாக்கிக்கொள்ளுங்கள்.

புதுவரவு_9:

இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு நானும் பெயர் கொடுத்துவிட்டேன், 14 வாரம் இருக்கிறது. முதல் கேள்வி, எலாஸ்டிக் லேஸை எவ்வளவு இறுக்கிக் கட்டவேண்டும்? போட்டுப் பார்த்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகிறது.

காலைநடை:

எனக்கும் முதலில் மரத்தது. ஓடி முடித்ததும் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் அளவு வையுங்கள், காலையில் வைக்காதீர்கள். கடைசி இரண்டு ஓட்டையில் மட்டும் இறுக்கம், கீழே உள்ளதையெல்லாம் தளர விடுங்கள். குதிகால் பக்கத்தில் ஒரு விரலை விட்டு இழுத்தால் கால் உள்ளே போகவேண்டும், ஓடும்போது குதிகால் மேலே எழும்பக்கூடாது. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தால் கிடைத்துவிடும், கிடைத்ததும் லேஸில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.